தாத்தாவின் ரைபிளைச் சீர்செய்வதா, பயன்படுத்திய ரைபிள் ஒன்றை வாங்குவதா?

காட்பாடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். ஆலங்காயம் பக்கத்தில் நிலம் வைத்திருந்த என் தாத்தா, 1960-களில் அன்றைய வட ஆற்காடு மாவட்ட ஆட்சியர் வழங்கிய உரிமத்தின் பேரில், மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 ரைபிள் ஒன்றை வாங்கினார். ஜவ்வாது மலையடிவாரத்தில் அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பழக்கம் வீட்டில் நின்றுபோய், ரைபிள் காவலுக்கென்று பீரோவில் இருந்தது. தாத்தா காலமான பின் அப்பாவின் பெயருக்கு வந்தது; அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டதால் இப்போது என் பெயரில் உரிமம் கிடைத்திருக்கிறது.

ரைபிளின் நிலை இதுதான்: கைப்பிடிக்கும் கழுத்துப் பகுதியில் கட்டை விரிசல் விட்டிருக்கிறது. குழலின் வெளிப்புறத்தில், குறிப்பாகக் கட்டை மூடியிருக்கும் இடங்களில், செந்துரு படர்ந்திருக்கிறது. போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடித் திறக்கும் பாகம்) திறக்கும்போது ஒரு கட்டத்தில் பிடிக்கிறது. தோட்டாக்களை வைக்கும் பெட்டியான மேகசின் தளர்ந்து ஆடுகிறது. இதற்கிடையில் திருவண்ணாமலை பக்கம் ஒருவர் இதே .315 ரைபிளை விற்க முன்வந்திருக்கிறார். பார்த்த அளவில் பளபளவென்று புதிதுபோல் இருக்கிறது. ரைபிள் கிளப்பில் குறிபார்த்துச் சுடுவதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. தாத்தாவின் ரைபிளுக்குச் செலவு செய்வது சரியா, அல்லது அதை ஒப்படைத்துவிட்டு மற்றதை வாங்குவது சரியா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

குடியாத்தம் குறியாளர்:

நண்பரே, நீங்கள் சுடுவதற்காகத்தான் ரைபிள் வைத்திருக்கிறீர்கள் என்றால் என் வாக்கு பயன்படுத்திய ரைபிளுக்குத்தான். பழைய ரைபிளைச் சீர்செய்யக் கொடுத்தால் ஒரு பாகத்தில் தொடங்கும் வேலை அடுத்த பாகத்துக்கு நகரும். வெற்று உறையை வெளியே தள்ளும் எஜெக்டரை மாற்றினால் மேகசின் ஒத்துவராது, மேகசினைச் சரிசெய்தால் தோட்டா ஏறும் கோணம் மாறும். இச்சாப்பூர் ரைபிள்களில் பாகங்களைக் கையால் ராவிப் பொருத்தியிருப்பார்கள் என்பதால், ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்கள் நம் வட்டாரத்தில் மிகக் குறைவு. பெரும்பாலும் சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நன்றாக வேலை செய்யும் ரைபிள் கையில் கிடைக்கும்போது அதை வாங்கி, இந்தப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்குவது அறிவுடைமை.

பாலாற்றங்கரை:

தம்பி, நான் ஆயுதப்படையில் ஆயுதப் பழுதுபார்ப்பில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். நீங்கள் எழுதியதில் கட்டை, துரு, மேகசின் எல்லாம் இருக்கின்றன. குழலின் உட்புறம் எப்படி இருக்கிறது என்ற ஒரு சொல்கூட இல்லை. பயன்படுத்திய ரைபிளைப் பற்றிச் சொன்னதிலும் பளபளப்பு மட்டுமே இருக்கிறது. குழலையும் போல்ட்டையும் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அவற்றைப் பார்த்துவிட்டால் விடை தானாகவே வந்துவிடும்.

முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்தே துப்புரவுக் கோலைச் செலுத்திக் குழலைத் துடையுங்கள். வாய்ப்பக்கமிருந்து கோலை விட்டுத் துடைத்துத் துடைத்தே எத்தனையோ நல்ல ரைபிள்கள் வீணாகியிருக்கின்றன. கோல் உரசிக் குழல் வாய் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால், உள்ளே வரிகள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குண்டு நேராகப் போகாது. துடைக்காத குழலைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் செம்புப் படிவும் சேர்ந்து, நல்ல குழலைக் கெட்டதாகவும் கெட்ட குழலை நல்லதாகவும் காட்டும்.

துடைத்த பின் பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சம் படச்செய்து, வாய்ப்பக்கமிருந்து பாருங்கள். சுருள் வரிகளின் ஓரங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். பரவலான கருமை இருந்தால் கவலைப்பட வேண்டாம். அதோடு நன்றாகச் சுடும் ரைபிள்கள் உண்டு. ஆனால் அறையை ஒட்டிய முதல் ஓரிரு அங்குலத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால் அது வேறு விஷயம். பழைய தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்த பின் குழலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு தங்கிவிடும். நம் சமையல் உப்பைப்போலவே அது காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டே இரும்பைத் தின்னும். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, அதன் பிறகு எண்ணெயிட்டவர்களின் குழல்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. உங்கள் தாத்தா எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைக் குழலே சொல்லிவிடும்.

அடுத்தது போல்ட். .315 ரைபிளின் உடல் அமைப்பு, பழைய லீ-என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் அமைப்புத்தான். தோட்டாவுக்கு விளிம்பு உண்டு. போல்ட் முகத்துக்கும் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளிக்குக் கணக்கு இருக்கிறது. அந்த இடைவெளி கூடிவிட்டால், சுடும்போது தோட்டா உறை பின்னோக்கி நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே கிழியும். கிழிந்தால் வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ஆகையால் அளவுகோல் வைத்திருக்கும், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் அளந்து சொல்லாமல் இரண்டு ரைபிள்களில் எதையும் சுட்டுப் பார்க்காதீர்கள். விற்பவரிடம் சுட்ட வெற்று உறைகள் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிக்கு மேல் வெளிச்சத்தில் ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால், எவ்வளவு அழகான ரைபிளாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த அமைப்பில் போல்ட்டின் கைப்பிடி அடியிலும் உடலிலும் ஒரே எண் பொறித்திருப்பது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறு ரைபிளின் போல்ட் என்றால், மேலே சொன்ன இடைவெளிக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

ஆற்காட்டு வழக்கறிஞர்:

பாலாற்றங்கரை ஐயா இயந்திரத்தைச் சொன்னார். காகிதத்தை நான் சொல்கிறேன்.

தனிநபரிடமிருந்து வாங்குவதானால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். விற்பவர் தம் விருப்பத்தையும், வாங்குபவரின் பெயர் முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு 45 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன் ரைபிள் கைமாறினால் இருவருமே குற்றவாளிகள். முன்பணம் கொடுத்து "எடுத்துப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லும் வழக்கம் கிராமப்புறங்களில் இருக்கிறது. அன்பின் பேரில் சொன்னாலும் அது சட்டப்படி செல்லாது. உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக வாங்குவதுதான் நிம்மதி.

எண்ணிக்கையையும் நினைவில் வையுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. பரம்பரையாக வந்தவையும் அந்தக் கணக்கில் சேரும். அதே திருத்தத்தால் உரிமக் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாகக் கூடியது. ஆகவே காட்பாடி நண்பர் இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் அத்தோடு கணக்கு முடிந்தது, ஒவ்வொன்றுக்கும் உரிமத்தில் தனிப் பதிவு வேண்டும்.

சீர்செய்வதிலும் எச்சரிக்கை தேவை. பழுதுபார்ப்பதும் உரிமம் தேவைப்படும் தொழில். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கும் சிக்கல், பட்டறைக்காரருக்கும் சிக்கல். துருவை நீக்கும்போது தொழிற்சாலை எண்ணோ முத்திரையோ தேய்ந்து மறைந்தால், 8-ஆம் பிரிவின்படி அடையாளத்தை அழித்த குற்றச்சாட்டுக்கு இடமாகிவிடும். குழல் வாய் தேய்ந்திருக்கிறது என்று நீங்களே அறுத்துச் சுருக்குவதும் 6-ஆம் பிரிவுக்குள் வரும்.

இன்னொன்று, இது வட ஆற்காட்டுக்காரர்களுக்கே உரிய சிரமம். 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. உங்கள் தாத்தாவின் கோப்பு வேலூரில் தொடங்கியது. ஊர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. நீங்கள் குடியிருப்பது வேலூர் மாவட்டம். உரிமத்தில் உள்ள ரைபிள் எண்ணும் ரைபிளில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று, பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதற்கு முன்பே சரிபாருங்கள். பழைய கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது ஓர் இலக்கம் மாறிப்போன கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்த அவர்கள் அலைந்த அலைச்சல் பெரிது.

மலையடிவார விவசாயி:

ஐயா, இதே போன்ற ஐயம் எனக்கும் உண்டு. என்னிடம் இருப்பது ரைபிள் அல்ல, 12 போர் இரட்டைக்குழல். குழல்களுக்கு நடுவில் பி. ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ் என்று பொறித்திருக்கிறது. மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும்போது, சுடும் உரிமை இல்லாவிட்டாலும் கையில் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்துக்காகவே அப்பா வைத்திருந்தார். குழலுக்கு மறுபடி கருநீலம் ஏற்றிப் புதிதாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பாலாற்றங்கரை:

செய்யச் சொல்வதற்கு முன், எந்த முறையில் ஏற்றப்போகிறார் என்று கேளுங்கள். இன்று பெரும்பாலும் காரக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் குழலை முக்கி எடுக்கிறார்கள். ஒற்றைக்குழலுக்கும் ரைபிளுக்கும் அது சரி. பழைய இரட்டைக்குழலில் இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். கொதிக்கும் காரம் அந்தப் பற்றாசைத் தின்றுவிடும். வெளியே அழகாக வந்துவிடும். சில காலம் கழித்து நடுப்பட்டை எழும்பத் தொடங்கும். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துரு ஏற்றி, கொதிநீரில் வேகவைத்து, தேய்த்து, மறுபடி ஏற்றும் பழைய முறைதான் பொருந்தும். பொறுமை உள்ளவர் கிடைக்காவிட்டால் வேலையே வேண்டாம், எண்ணெய் போட்டு வையுங்கள்.

நீங்கள் சொன்ன பெயர், பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்தான். செய்த இடத்தை அறியக் குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், இன்று கடையில் கிடைக்கும் தோட்டா இரண்டே முக்கால் அங்குலம். தோட்டா உள்ளே போய்விடும்; சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். குழலின் மேல் பாய் பின்னியதுபோல் கோடுகள் தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கும். பெரும்பாலும் கரிமருந்துக்கென்று செய்தது. அதை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், சுடாதீர்கள்.

ஆற்காட்டு வழக்கறிஞர்:

விவசாய நண்பருக்கு ஒரு வரி: தைரியத்துக்கு வைத்திருப்பது சரி, பன்றியைச் சுடுவது சரியல்ல. உரிமம் துப்பாக்கிக்குத்தான், விலங்கைக் கொல்ல வனத்துறையின் அனுமதி தனி. கொல்லை சேதமானால் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள்.

வாலாஜா தச்சன்:

நான் துப்பாக்கி வேலை செய்பவன் அல்லன், மர வேலை செய்பவன். உரிமம் பெற்ற ஒருவரிடம் கட்டை வேலைக்கு மட்டும் உதவியாகப் போவதுண்டு. காட்பாடி நண்பர் சொன்ன விரிசலைப் பற்றி எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஊறி விரியும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் திருகாணிகள் தளரும். தளர்ந்த கட்டையோடு சுட்டால் உதைக்கும் வேகம் முழுவதும் கழுத்தில் இறங்கி விரிசல் விடும். எண்ணெய் ஊறிய விரிசலில் எந்தப் பசையும் பிடிக்காது. முதலில் எண்ணெயை வெளியே இழுக்க வேண்டும். சுண்ணாம்புப் பொடியைக் கரைப்பானில் குழைத்துப் பூசி, வெயிலில் வைத்து, உறிஞ்சிய பொடியைத் தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். மரத்தின் உண்மை நிறம் தெரிந்த பிறகே பசை. விரிசலுக்குக் குறுக்கே உள்ளிருந்து ஒரு முளை வைத்தால் இன்னும் உறுதி.

மிகவும் முக்கியமானது ஒன்று உண்டு. இந்த லீ-என்ஃபீல்டு வகைப் பழைய ரைபிள்களில் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி. பின்கட்டையை ஒரு நீண்ட திருகாணி உள்ளிருந்து பிடித்திருக்கும். அதன் சதுர முனை முன்கட்டையின் பின்புறத் தகட்டில் போய்ப் பொருந்தியிருக்கும். தெரியாதவர்கள் பின்கட்டையைக் கழற்ற நேரே திருப்புளியை விட்டுத் திருப்புவார்கள். அந்தச் சதுர முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். முன்கட்டையை முதலில் கழற்றிவிட்டுத்தான் பின்கட்டையில் கைவைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

பள்ளங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரத்துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றினால் ஆவி இறங்கி நார் எழும்பும். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து ஏற்றினால் போதும். வார்னிஷ் அடித்த கட்டை பார்க்கப் பளபளக்கும், நம் வெயிலுக்குத் தாங்காமல் உரியும்.

குடியாத்தம் குறியாளர்:

எல்லோரும் சொன்னதை மதிக்கிறேன். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. பாலாற்றங்கரை ஐயா சொன்ன சோதனைகளைப் பயன்படுத்திய ரைபிளுக்கும் செய்து, அதில் அது தேறினால், அதை வாங்குவதில் என்ன தடை? 45 நாட்கள் காத்திருப்பது, ஒரு கட்டைக்குப் பசை காய்ந்து, குழலுக்குக் கருநீலம் ஏறி, சென்னைக்கு இருமுறை போய்வருவதைவிடக் குறைவுதான். தாத்தாவின் நினைவு என்பதைச் செலவுக் கணக்கில் சேர்க்கலாம். குறி தவறாமல் சுடும் கணக்கில் சேர்க்க முடியாது.

பாலாற்றங்கரை:

குறியாளர் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு, தேறினால் வாங்கலாம். நான் வேறுபடுவது ஓரிடத்தில்தான். வீட்டு ரைபிளின் வரலாறு நமக்குத் தெரியும்: யார் சுட்டார், எப்போது நிறுத்தினார், எங்கே வைத்திருந்தார் என்று கேட்டு அறியலாம். வெளியிலிருந்து வருவதன் வரலாற்றை விற்பவரின் வாய்ச்சொல்லிலிருந்துதான் அறிய வேண்டும். அறுபது ஆண்டு ரைபிள் புதிதுபோல் பளபளத்தால், யாரோ அதை மெருகேற்றியிருக்கிறார்கள். ஏன் ஏற்றினார்கள் என்று கேட்பது வாங்குபவரின் கடமை.

காட்பாடிவாசி:

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி உரிமத்தோடு எடுத்துச் சென்று, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் எங்கள் ரைபிளைக் காட்டினேன். அவர் துடைத்துத் துடைத்து எடுத்த துணி முதலில் கறுப்பாகவும் பிறகு பச்சையாகவும் வந்தது. பச்சை என்பது செம்புப் படிவு என்றார். அதற்குப் பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். நடுக்குழலில் கருமை இருக்கிறது; அறைப்பக்கம் குழி எதுவும் இல்லை; வரிகளின் ஓரம் வாய்வரை தெரிகிறது. அப்பாவிடம் கேட்டபோது, தாத்தா சுட்டுவிட்டு வந்த இரவே பாட்டி கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொடுப்பாராம். எண் உரிமத்தோடு ஒத்துப்போகிறது, போல்ட் எண்ணும் அதே எண்தான். போல்ட் பிடித்ததற்குக் காரணம் உறைந்துபோன பழைய கிரீஸ். ஆனால் இடைவெளி அளவுகோலில் எல்லையைச் சற்றே தாண்டுகிறது. போல்ட் தலையைச் சற்று நீளமான ஒன்றாக மாற்றிப் பொருத்தினால் சரியாகிவிடும், அதுவரை சுடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

திருவண்ணாமலை ரைபிளையும் விற்பவர் முன்னிலையில், அவர் வீட்டிலேயே பார்த்தேன். குழலின் உட்புறம் எங்களுடையதைவிடப் பளபளப்பு. ஆனால் போல்ட் எண் வேறு. உடலில் உள்ள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மெருகுக்கு அடியில் மங்கிவிட்டன, விரலால் தடவித்தான் உணர முடிந்தது. விற்பவர் நல்ல மனிதர், அவரும் இன்னொருவரிடம் அப்படியே வாங்கியவர். வழக்கறிஞர் ஐயா எழுதியது நினைவுக்கு வந்ததால், அவரிடமே விஷயத்தைச் சொல்லி, அந்த எண்ணை உரிம அலுவலகத்தில் காட்டித் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ரைபிளையே சீர்செய்யக் கொடுத்திருக்கிறேன்: போல்ட் தலை, மேகசின், கழுத்து விரிசல், இந்த மூன்று மட்டும். குழலுக்கு மறுமெருகு வேண்டாம், துருவை நுண்ணிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் கொண்டு எண்களைத் தொடாமல் எடுத்தால் போதும் என்று எழுதியே கொடுத்தேன். ஒப்படைப்புச் சீட்டில் எண்ணைச் சேர்த்து வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. ஆம்பூரில் தைத்த நல்ல தோல் உறை ஒன்று வீட்டில் இருக்கிறது. திரும்பி வந்ததும் அதிலேயே வைக்கலாமா?

பாலாற்றங்கரை:

வேண்டாம் தம்பி. நம் பகுதித் தோலைக் குறை சொல்லவில்லை. எந்தத் தோலானாலும் பதனிடும்போது ஏறிய உப்பும் இரசாயனமும் அதில் இருக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். உங்கள் குழலில் கட்டை மூடிய இடத்தில் துரு வந்ததுபோல், உறை தொடும் இடமெல்லாம் வரும். கிளப்புக்குக் கொண்டுபோக மட்டும் உறை. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில், எண்ணெய்த் துணியால் துடைத்து, வாய் கீழ்நோக்கியிருக்கும்படி நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் எண்ணெய் வழிந்து கட்டையில் ஊறாது. தோட்டாக்களை வேறு அலமாரியில் பூட்டி வையுங்கள். தேர்தல் வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது குழலின் உள்ளும் புறமும் தடித்த எண்ணெய் பூசிக் கொடுங்கள்; திரும்ப வாங்கிய அன்றே, வேறு எதற்கும் முன்பு, அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுங்கள். எண்ணெய் நின்ற குழலோடு சுடுவது ஆபத்து.